அடங்காப்பிடாரியின் இன்ஹேலர்

வீட்டில் எனக்கு வைத்த பெயர் அடங்காப்பிடாரி. வயது பதினாறு. ஒரு வயது இளைய தங்கைக்குத் தங்கம் என்று பெயர். இரண்டு பேருக்கும் ஆஸ்துமா, ஒரே மருந்து, ஒரே மாதிரி இன்ஹேலர். குணத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எங்கள் பள்ளியில் ஒரு சட்டம். இன்ஹேலரை ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். தேவைப்பட்டால் ஆசிரியரிடம் சீட்டு வாங்கி, இரண்டு மாடி இறங்கி வர வேண்டும். மூச்சு என்ன, சீட்டு வரும்வரை காத்துக்கொண்டா இருக்கும்? நான் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மூன்றாவது முறை பிடிபட்டதும் அம்மாவை வரச் சொல்லிவிட்டார்கள்.

தலைமையாசிரியையின் மேசைமேல் என் இன்ஹேலர், பக்கத்தில் மன்னிப்புக் கடிதம். அம்மா கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். என் மூக்கை உடைக்கத் தங்கத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்.

“இந்த வருஷம் ஒரு தடவைகூட இவ சீட்டுக் கேட்டதில்ல. அக்காவுக்கு மட்டும் ஏன் இந்தத் திமிரு?”

நான் தங்கத்தைப் பார்த்தேன். தோள் ஏறி ஏறி இறங்கியது. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. உதடு வெளுத்தும் நல்ல பிள்ளையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்ஹேலரைக் கேளுடி!” என்றேன்.

“மிஸ்... பேசிட்டு... இருக்காங்க.”

நல்ல பிள்ளைப் பட்டத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு! மேசைமேல் இருந்ததைப் பறித்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன்.

“யாரைக் கேட்டு எடுத்த?” தலைமையாசிரியை எழுந்துவிட்டார்.

“யாரையும் கேக்கல. இன்னொரு தடவை அழுத்தப் போறேன், அதுக்கும் கேக்க மாட்டேன்.”

இரண்டாவது முறை அழுத்திய பிறகு தங்கத்தின் மூச்சு சீரானது.

“அடிக்கடி இப்படி வருதா?” அம்மா தங்கத்தைக் கேட்டாள்.

“வாரத்துல மூணு நாள், நாலு நாள். கேட்டா, நீயும் அக்கா மாதிரியான்னு திட்டுவாங்கன்னு பயந்தேன்மா.”

அந்தத் திட்டு அம்மாவுடையதும்தான்.

தலைமையாசிரியை கையை நீட்டினார். “சரி, அதை இப்படிக் குடு.”

தங்கம் இன்ஹேலரை இறுக்கிப் பிடித்தாள். “தர மாட்டேன், மிஸ்.”

அடிப்பாவி, அது என்னுடையதடி! இருந்தாலும் சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அம்மா கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிக் கடிதத்தின்மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

“அலமாரியத் திறங்க, மேடம். உள்ள சின்னவளோடது இருக்கு. பெரியவளுக்கு வேணும்.”