பட்டாளத்தில் மிஞ்சியது

வலையை இடது மூலைக்குக் கொண்டுபோனால் மீன் வலது மூலைக்குப் பாய்ந்தது. குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் வாளிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி இறங்கிவிட்டது. மகளுக்கு முழங்கை வரை நனைந்திருந்தது.

"சீக்கிரம்மா. இன்னொரு வீடு காத்துக்கிட்டிருக்கு," என்றார் ஸ்ட்ரெச்சரோடு வாசலில் நின்ற அமரர் ஊர்திக்காரர். "ஒரு மீன்தானே, அப்படியே கொட்டிவிட்டா என்ன?"

தொட்டியை நகர்த்தாமல் ஸ்ட்ரெச்சர் அறைக்குள் திரும்பாது. தண்ணீரை இறக்காமல் தொட்டி நகராது. கட்டிலில் அப்பா கழுத்துவரை போர்த்திக் கிடந்தார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து, அரை நிமிடம் பிந்திய டிரைவர்களையெல்லாம் வறுத்தெடுத்தவர். இன்று ஒரு மீனால் அவருக்கே தாமதம்.

"கொட்டாதே. பத்திரமாப் பிடி," என்றாள் அம்மா.

மகள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இத்தனை பேர் நடுவில் அம்மாவுக்கு மட்டும்தான் அந்த மீனின் அருமை தெரிகிறது.

நியான் டெட்ரா. தீக்குச்சி நீளம்தான் இருக்கும். நீலக்கோடு, சிவப்பு வால். அப்பா வளர்த்ததெல்லாம் அந்த ஒரு இனத்தைத்தான், கூட்டமாக. 'என் பட்டாளம்' என்பார். ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்பும். யார் வீட்டுக்கு வந்தாலும் தொட்டி முன்னால் நிறுத்திப் பாடம் எடுப்பார். "இது தனியா வாழுற இனம் இல்லை. கூட்டத்தைப் பிரிச்சா, நோவே வேண்டாம், பயத்துலயே போயிடும்." அம்மா பின்னால் டீ டம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

பக்கவாதம் வந்து அப்பாவுக்குக் கையும் காலும் வாயும் போயின. கண் மட்டும் மிச்சம். ஹாலில் இருந்த தொட்டியை ஆள் வைத்துத் தூக்கிவந்து அவர் கால்மாட்டில் வைத்தவள் அம்மாதான். "பாத்துக்கிட்டே கிடக்கட்டும், பாவம்." அக்கம்பக்கம் மெச்சியது.

அதற்குப் பிறகுதான் பட்டாளம் குறைய ஆரம்பித்தது. மகள் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒன்றைக் காணோம், இரண்டைக் காணோம். செத்துப்போச்சு, எடுத்துப் போட்டுட்டேன் என்பாள் அம்மா. மகள் மருந்து வாங்கி ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை. அம்மா அப்பாவின் காதருகே குனிந்து, "அது வராதுங்க. விட்டுடுங்க," என்று மெதுவாகச் சொல்வாள். அதைக் கேட்டுச் சமையலறையில் நின்று மகள் அழுதிருக்கிறாள்.

அப்பாவின் கண் அப்போதெல்லாம் பின்பக்கக் கதவுக்கு ஓடும். திரும்பி மகளைப் பார்க்கும். மறுபடி கதவுக்கு ஓடும். கழிவறைக்குத்தான் என்று புரிந்துகொண்டு, அவள் கட்டிலடியிலிருந்து பெட்பேனை எடுத்து வைப்பாள். ஒவ்வொரு முறையும் அது காய்ந்தே திரும்பும்.

"அடம்," என்பாள் அம்மா. "ஆயுசு முழுக்க அடம்."

மீன் ஒருவழியாக வலையில் விழுந்தது. எவர்சில்வர் கிண்ணத்தில் விட்டாள். நீலம் வெளுத்து, துவைத்த துணிபோல இருந்தது.

"உன் அப்பா இப்படிப் படுத்தப்புறம்தான் நான் இந்த வீட்டு நாற்காலியில உட்கார முடிஞ்சுது, பாரு," என்றாள் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை.

"சித்தி, இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"நான் என்ன இல்லாததையா சொல்றேன்? பெரியவ சத்தமா சிரிக்கிறாளாம், வரக்கூடாதுன்னாரு. நடுவுல உள்ளவ வம்பு பேசறாளாம். நான் வாயே திறக்கலை, என் மூஞ்சி ஆகலை. அக்கா தங்கச்சிங்களை ஒவ்வொருத்தியா வெட்டிவிட்டாரு. பெரியவ செத்ததுக்குக்கூட உங்கம்மாவை அனுப்பலையே. இவ வாசலையே பாத்துக்கிட்டு நின்னா என்ன சொல்வாராம் தெரியுமா? 'அவ வரமாட்டா. விட்டுடு.'"

"பழசை விடுடி," என்றாள் அம்மா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

தொட்டி நகர்ந்தது. ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது, அப்பாவோடு வெளியே போனது. எல்லோரும் பின்னாலேயே போனார்கள். வாசலில் வண்டிக் கதவு திறக்கும் சத்தம்.

மகள் மட்டும் ஒரு நிமிடம் தங்கினாள். கிண்ணத்தை ஜன்னலில் வைத்துவிட்டு, தலையணையை எடுக்கக் குனிந்தாள்.

குமிழி உடையும் சத்தம் கேட்டது.

திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். ஈரமணல்தான் இருந்தது. காற்று மோட்டாரின் ப்ளக்கை அவள்தான் முதலில் பிடுங்கினாள். வயர் தரையில் சுருண்டு கிடந்தது.

அப்பாவின் தலை அழுத்திய பள்ளத்தில் காதை வைத்தாள். இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது. விடாமல், சீராக, தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்தாள். வாஷிங் மெஷின் வைக்கும் சின்ன அறை. மெஷினுக்குப் பின்னால், சுவரை ஒட்டி ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. மேலே ஈரத்துண்டு போர்த்தியிருந்தது. விலக்கினாள்.

நீலக்கோடுகள். அத்தனையும் ஒன்றாகத் திரும்பின.

"ஒண்ணுகூட சாகலை," என்றாள் பின்னால் வந்து நின்ற அம்மா. "வேளாவேளைக்குத் தீனி போட்டேன். அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

மகள் திரும்பினாள். "அப்பாவுக்கு... தெரியுமா?"

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"காது நல்லாத்தானே இருந்துச்சு."

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. அம்மா கிண்ணத்தை வாங்கி, தண்ணீரை ஒட்டிப் பிடித்துச் சாய்த்தாள். வெளுத்த மீன் விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பட்டாளம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது அதுவும் சேர்ந்து திரும்பியது.

"வா, உங்க சித்தி தனியா நிக்கிறா," என்று சொல்லிவிட்டு அம்மா போனாள்.

கட்டிலடியில் கிடந்த பெட்பேன் இப்போது தொட்டிக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்தது. காய்ந்துதான் இருந்தது.