அரை வரிக்காரி

எங்கள் திருச்சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம். கூடிச் சமைத்து எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்கு வீட்டுக்கு மூவாயிரம் வரி. ரப்பர் தோட்டமும் பாறசாலையில் இரண்டு கடையும் வைத்திருக்கும் எனக்கும் மூவாயிரம், கூலிக்குப் போகும் ராஜையாவுக்கும் மூவாயிரம். விதவை வீட்டுக்கு மட்டும் பாதி. ஆனால் அரை வரிக்காரருக்குக் கூட்டத்தில் வோட்டு கிடையாது. இரக்கம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தோம், வாயை அடைப்பதற்கும் ஒரு பேர் வேண்டாமா!

தையல் தைக்கும் புஷ்பபாய் நாலு வருஷமாக அரை வரிதான். இந்தத் தடவை கூட்டம் தொடங்குமுன் முழுப் பணத்தையும் செயலாளர் அபின் முன்னால் வைத்தாள்.

"இனி எனக்கும் வோட்டு உண்டுல்லா?"

"உண்டு, மாமி."

"அப்போ சொல்லுதேன். வரிய வீட்டுக்குப் போடாதீங்க, வருமானத்துக்குப் போடுங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. எழுந்தேன்.

"பந்தியில இந்த ஜெயசிங்குக்கு மட்டும் ரெண்டு இலையா போடுதிய? எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே வரி. அதாக்கும் நியாயம்!"

என் ஆட்கள் கைதட்டினார்கள். அவள் அசரவில்லை.

"இலை ஒண்ணுதான் அண்ணா. அதுக்காவ நான் காதுல கெடந்தத கழத்தினேன். நீங்க என்னத்த கழத்தினிய?"

அப்போதுதான் எல்லாரும் அவள் காதைப் பார்த்தோம். கம்மல் இருந்த இடத்தில் ஈர்க்குச்சி. நானோ காரில் வரும்போதே போனில் பணத்தைத் தட்டிவிட்டவன். என் விரல் மோதிரங்கள் நாலும் அப்படியே இருந்தன. யாரோ சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

கை தூக்கச் சொன்னார்கள். ஒரே வோட்டில் அவள் பக்கம் ஜெயித்தது. கம்மலை அடகு வைத்து வாங்கிய வோட்டு! எனக்கு வரி இருபதாயிரத்தைத் தாண்டியது. வயிற்றெரிச்சல் இன்னும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனாலும் எங்கள் சபையில் இத்தனை வருஷத்தில் அப்படியொரு ஆளை நான் பார்த்ததில்லை.

அவள் பங்கு முந்நூறுதான் வந்தது. மீதியை அபின் எண்ணி நீட்டினான். அவள் கையை நீட்டவில்லை.

"இந்த முந்நூறு அரை வரியா, முழு வரியா?"

அபின் என்னைப் பார்த்தான். கூட்டமே என்னைப் பார்த்தது.

"முழு வரியாக்கும்," என்றேன்.

"அப்போ ரசீதுல அப்படியே எழுது மக்கா," என்றாள் அபினிடம். "அடகுக் கடை அடைக்கதுக்கு முன்ன கம்மல மூட்டணும்."