கடைசியாக வாயில் இருந்த பாட்டு

இராசதுரை மாமா பாய்ந்து போய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அப்பாவின் வாயைப் பொத்தினார். ஒரு கை போதாதென்று இரண்டு கையாலும் பொத்தினார்.

"விடுங்கோ மாமா! மூச்சு முட்டப்போகுது!" சோபிகா அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள்.

"முட்டட்டும் எண்டே பொத்தினனான்? கடைசி நேரத்திலை இந்தக் கண்டறியாத பாட்டு வேண்டாமெண்டுதான்."

மாமா கையை எடுத்ததுதான் தாமதம், அப்பா விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஜப்பான் மொழியில்.

அப்பா சிறீஸ்கந்தராசாவுக்கு மூளையில் இரத்தக்குழாய் வெடித்து ஒன்பது நாள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தமிழும் இல்லை, தட்டுத்தடுமாறிக் கதைத்த நொர்வேஜியனும் இல்லை. பெண்சாதி உதயகுமாரியின் பெயரைச் சொல்ல முடியாத மனிதர், ஒரு ஜப்பான் பாட்டை மட்டும் சொல் பிசகாமல் பாடினார். பேச்சு மூளையில் ஒரு பக்கம், பாட்டு இன்னொரு பக்கம், சிலருக்கு இப்படி நடக்கும் என்றார் டொக்டர். இன்று காலை மறுபடி வெடித்திருக்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ என்றும் அவரேதான் சொன்னார்.

பாட்டு வந்த வழியில் மர்மம் ஒன்றுமில்லை. ஒஸ்லோ நகரத்துக்குள் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் அப்பா பதினாலு வருசம் கோப்பை கழுவினார். கடை முதலாளிக்கு ஒரு பைத்தியம். தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, கிற்றாரோடு தானே பாடுகிற ஆண்களின் பாட்டுத்தான் அவருக்குப் பாட்டு. அவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் அவருடைய நாட்டில் அப்படி ஒரு கூட்டம் தலைமயிரை வளர்த்துக்கொண்டு பாடித் தள்ளியிருக்கிறது. அதையெல்லாம் கசெற்றில் அடித்துவைத்து, குசினியில் கடை பூட்டும்வரை போடுவாராம். "ஒவ்வொருத்தனும் காதலி விட்டிட்டுப் போனவன் மாதிரியெல்லோ அழுகிறான்" என்று அப்பா வீட்டில் வந்து சிரிப்பார். பிறகு குளிக்கும்போது அதையே பாடுவார்.

அம்மா கட்டிலின் கால்மாட்டில் திருநீற்றுப் பொட்டலத்தோடு நின்றாள்.

"அவர் பாடட்டுமேன் அம்மா" என்றாள் சோபிகா.

"உனக்கென்ன தெரியும்? கடைசியா வாயிலை என்ன இருக்கோ, உயிர் அதோடைதான் போகும். தேவாரத்தோடை போனால் நான் பின்னாலை போய்ச் சேர்ந்திடுவன். இதைப் பாடிக்கொண்டு போய் ஜப்பானிலை பிறந்தாரெண்டால், நான் அங்கை எங்கையடி தேடுறது? எனக்கு அந்தப் பாஷையிலை ஒரு சொல்லுத் தெரியாதே!"

வேறொரு நாளென்றால் சோபிகா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மாமா தேவாரப் புத்தகத்தை விரித்து அப்பாவின் காதுக்குள் உரத்துப் படித்தார். அப்பாவும் விடவில்லை. இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. "கோர் தெ ப்ரா?", எல்லாம் நல்லாயிருக்கிறதா என்று நேர்ஸ் கதவால் எட்டிப் பார்த்துக் கேட்டாள். நல்லாயிருக்கிறோம் என்று சொல்கிற நிலையிலா இருந்தார்கள்!

அப்போதுதான் அந்த இடம் வந்தது. ஒன்பது நாளாக அப்பா அதே இடத்தில்தான் நின்றுபோகிறார். பாட்டுப் பாதியில் அறுந்தது. கண் பிதுங்கியது. இடது கை விரிப்பைப் பற்றியது, விட்டது, மணிக்கட்டு ஒருதரம் பிரண்டது. பிறகு இன்னொருதரம்.

"தண்ணி கேக்கிறார்" என்றாள் அம்மா.

"எங்கையோ கடிக்குதுபோலை" என்றார் மாமா.

தண்ணீருமில்லை, அரிப்புமில்லை. அப்பா பயந்துபோயிருக்கிறார், அது சோபிகாவுக்குத் தெரிந்தது. ஏதோ தப்பு நடந்துவிட்ட முழி. இந்த முழியோடேயே செத்துப்போவாரோ? ஐயோ, இந்தக் கோலத்தில் அவரை அனுப்பக்கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை முதலாளி கொண்டுவந்து வைத்த பை கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அம்மாதான் காலால் தள்ளிவிட்டிருந்தாள். எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த ஒரு டேப் ரெக்கோடர், கொஞ்சக் கசெற்றுகள். சோபிகா குந்தியிருந்து அதை இழுத்தாள்.

"சோபி, தொடாதை!"

"உனக்கென்ன விசரே பிள்ளை?" என்றார் மாமா.

கசெற்றுகளில் எழுதியிருந்ததை அவளால் வாசிக்க முடியவில்லை. ஒன்றைப் போட்டாள். அதுவில்லை. மற்றதைப் போட்டாள், ஓடவிட்டாள், நிறுத்தினாள். எல்லாக் குரலும் கிட்டத்தட்ட ஒரே குரல். அப்பாவின் மூச்சில் கரகரப்பு ஏறிக்கொண்டிருந்தது. கடவுளே, கெதியா, கெதியா என்று சோபிகா தன்னையே விரட்டினாள். ஐந்தாவது கசெற்றில் அது வந்தது. தணிந்த குரலில் ஒருவன். அப்பா கண்ணைத் திருப்பினார், அவனோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். இருவரும் ஒன்றாக அந்த இடத்துக்கு வந்தார்கள்.

டக்.

கசெற்றின் அந்தப் பக்கம் முடிந்துவிட்டது. பாட்டு நடுவில் அறுந்து நின்றது. அப்பாவின் இடது கை எழும்பி, மணிக்கட்டுப் பிரண்டது.

சோபிகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ரெக்கோடர் கோப்பை கழுவும் தொட்டிக்கு மேலேதான் இருந்தது என்று அப்பா முன்பு சொல்லியிருக்கிறார். பாட்டு நின்றால் சமையல்காரர் எல்லாரும் கத்துவார்களாம். பதினாலு வருசமாக ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பக்கம் மாற்றிப் போட்டவர் அப்பாதான். இப்போது கைக்கு ஏலவில்லை, பாட்டு நின்றுபோய்க் கிடக்கிறது.

அவள் கசெற்றை வெளியே எடுத்தாள். அவசரத்தில் அது நிலத்தில் விழுந்தது. பொறுக்கித் திருப்பிச் செருகி அழுத்தினாள். ஒரு இரைச்சல். பிறகு பாட்டின் மிச்சம் வந்தது.

அப்பாவின் கை விரிப்பில் படுத்துக்கொண்டது. அவர் பாடினார். முகத்தில் இருந்த கலவரம் மெல்ல மெல்ல வடிந்தது.

மாமா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி குனிந்தார். அம்மா அவருடைய தோளைப் பிடித்தாள்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. அவருக்குப் பயம் போயிட்டுது."

அந்தப் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. அப்பாவின் குரல் எந்த வரியில் நின்றது என்று மூவருக்குமே தெரியவில்லை. கசெற்றில் இருந்தவன் பாடிக்கொண்டேயிருந்தான். நேர்ஸ் வந்து நாடி பார்த்தாள், பிறகு போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். சனவரிக் குளிர் உள்ளே வந்தது. மணி இரண்டரை.

மூன்றாம் நாள் பின்னேரம், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போனபிறகு, ஹவுகெட்டோவில் இருந்த அவர்களுடைய வீட்டுக் குசினியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். தகனத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. இந்த நாட்டில் சாவுக்கும் வரிசை. மேசையில் டேப் ரெக்கோடர், பக்கத்தில் சோபிகாவின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி. அதில் அம்மா தமிழ் எழுத்தில் அரைப்பக்கம் எழுதியிருந்தாள். ஒரு சொல்லுக்கும் அர்த்தமில்லை.

"இந்த இடத்திலை என்ன சொல்லுறானெண்டு பிடிபடுதில்லை. கேட்டுச் சொல்லு."

"ஏனம்மா இது?"

"பாடமாக்கத்தான். எனக்கு எப்ப எண்டு ஆருக்குத் தெரியும்? அந்த நேரத்திலை தடக்காமல் வாயிலை வரோணுமெல்லோ."

"சும்மா இருங்கோம்மா. உங்களுக்கு ஒண்டும் வராது" என்று சோபிகா அதட்டினாள். அதட்டினாளே தவிர, ஆஸ்பத்திரியில் பிடித்த அதே பயம் திரும்பவும் வந்தது. மேசை மூலையில் அம்மாவின் பிறஷர்க் குளிசைகள் இருந்தன. இன்றைய குளிசை எடுக்கப்படாமலே கிடந்தது.

"முதல் இதைப் போடுங்கோ" என்று குளிசையையும் தண்ணீரையும் நீட்டினாள்.

அம்மா மறுபேச்சில்லாமல் விழுங்கினாள். "நீ பின்னுக்குச் சுத்து" என்றாள்.

சோபிகா சுற்றினாள். பாட்டுத் தொடங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கொப்பியைப் பார்க்காமல், சொல்லுக்குச் சொல், கசெற்றில் பாடுகிறவனுக்குக் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.