சிட்டுவின் முடி குறித்த ஷரத்து

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு கட்சிக்காரர். நான் குடும்ப நீதிமன்ற வக்கீல். விவாகரத்து வழக்கு தவிர வேறெதையும் தொடுவதில்லை. விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்தால் புதுத் தம்பதிகள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். உட்காரட்டும். என் தொழிலைப் பற்றி எனக்கு இருக்கும் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கதை எழுத உட்கார்ந்தால் மட்டும் அது எங்கே போய்விடும்?

நான் முதலில் எழுதிய ஆரம்பம் இப்படி இருந்தது:

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், கண்ணீரைத் துடைத்தபடி அவள்

வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில். அவள் அழவும் இல்லை. கைப்பையை என் மேஜையில் பொத்தென்று வைத்துவிட்டு, "அவரு இனிமே புள்ளயப் பாக்கவே கூடாது மேடம். ஆர்டர் வாங்கிக் குடுங்க" என்றாள்.

2

அவளும் கணவரும் ஒரே சலூனில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் முடி வெட்டியவர்கள். பிரிந்ததும் அவர் இரண்டு தெரு தள்ளித் தனிக்கடை போட்டார். எட்டு வயது மகள், வீட்டில் கூப்பிடுவது சிட்டு என்று. பள்ளி நாட்களில் அம்மாவிடம், வார இறுதியில் அப்பாவிடம்.

[அடையாளம் தெரியக் கூடாது என்று முதலில் இவர்களைத் தையல்காரர்களாக மாற்றினேன். முடிக்குப் பதில் பிள்ளையின் பாவாடை குட்டையாகிக்கொண்டே போவதுபோல் எழுதினேன். கதை செத்துப்போய்க் கிடந்தது. அவளிடமே கேட்டேன். "சலூன்னே போடுங்க மேடம். அதுல என்ன வெக்கம்? நெஜப் பேரு மட்டும் யாரோடதும் வேணாம்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.]

3

புகார் இதுதான். அப்பா வீட்டிலிருந்து சிட்டு ஒரு புது கட்டிங்கோடு வந்தாள். இடது பக்கம் ஒரு நூல் இறக்கம். பார்த்ததும் இவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை, சரிசெய்தாள். அடுத்த வாரம் அவர் பார்த்தார். வலது பக்கம் தூக்கியிருக்கிறதென்று அவர் சரிசெய்தார். இவள் மறுபடியும். அவர் மறுபடியும். இருவருமே தொழிலில் கெட்டிக்காரர்கள். அதுதான் வம்பு.

இரு தரப்பு மனுக்களிலும் ஆதாரமாக அந்தப் பிள்ளையின் பின்மண்டைப் படம்தான் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.*

* இங்கே வக்கீலாகக் குறுக்கிடுகிறேன். பிரிவது கணவன் மனைவி. அப்பா அம்மா அல்ல. நீதிமன்றம் பெற்றவர்களின் கோபத்தை அளப்பதில்லை, பிள்ளையின் நலனைத்தான் பார்க்கும். அப்பாவைப் பார்ப்பது அப்பாவின் உரிமை மட்டுமல்ல, பிள்ளையினுடையதும்கூட. கதைக்குள் பிரசங்கமா என்று கேட்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். என் கட்சிக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

4

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு நீங்கள் செய்வதைவிட எதிர்த்தரப்பில் இருப்பவர் நன்றாகச் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லுங்கள் என்பேன். மனு போட்டுவிடுவேன், ஆனால் அதைச் சொல்லாதவரை ஒப்பந்தம் எழுதப் பேனா மூடியைக் கழற்ற மாட்டேன். சிலர் எழுந்து வேறு வக்கீலிடம் போயிருக்கிறார்கள். மகராசர்களாகப் போகட்டும்.

"ஒண்ணும் கிடையாது" என்றாள் இவள்.

"யோசிச்சுட்டு வாங்க."

"யோசிச்சாச்சு மேடம்."

மூடி கழறவில்லை. ஆனாலும் அவள் வேறு வக்கீலிடம் போகவில்லை. சமரசப் பேச்சு நாளும் வந்தது.

5

சமரச மையத்தில் ஒரு நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி. (இந்த அறையை இரண்டு பக்கத்துக்கு வருணித்திருந்தேன். அடித்துவிட்டேன். உள்ளே வருபவர் எவரும் மின்விசிறியைக் கவனிப்பதில்லை.) சிட்டு தொப்பி போட்டு வந்திருந்தாள். நடுவராக இருந்த அம்மையார், "வெக்கையா இருக்கே, கழட்டுறியாடா கண்ணு?" என்றார்.

கழற்றினாள். இரண்டு விரலால் பிடிக்கக்கூட முடி இல்லை.

"அப்பா வெட்டுவாங்க, அம்மா சரி பண்ணுவாங்க. அப்புறம் அப்பா சரி பண்ணுவாங்க" என்றாள். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "இப்ப வெட்ட ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. இனிமே நான் ரெண்டு வீட்டுக்கும் போகலாமா?"

எதிரே சிட்டுவின் அப்பாவுக்குத் தலை தொங்கிவிட்டது. என் கட்சிக்காரி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் அவள் மனதுக்குள் புகுந்து ஏதேதோ எழுதிப் பார்த்தேன். எல்லாம் பொய்யாக வந்தது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னாள்:

"பிடரி வேல அவருக்கு நல்லா வரும் மேடம். எனக்கு அவ்வளவு சுத்தமா வராது."

அது அவருக்கும் கேட்டது. நான் பேனா மூடியைக் கழற்றினேன். எத்தனையோ தீர்ப்புகளை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு என் கட்சிக்காரியைப் பார்த்து எனக்கு வந்த பெருமிதம் அவற்றில் எதிலும் வந்ததில்லை.

6

ஒப்பந்தத்தில் பள்ளி, வைத்தியம், விடுமுறை எல்லாம் எல்லாருக்கும் இருப்பதுபோல் இருந்தன. ஒரு ஷரத்து மட்டும் என் சொந்தச் சரக்கு: சிட்டுவின் முடியைத் தந்தையே வெட்டுவார், அவர் வெட்டியதைத் தாய் திருத்த மாட்டார். எந்தச் சட்டப் புத்தகத்தில் தேடினாலும் இது கிடைக்காது. அதைப் படித்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

7

இங்கேயே முடித்திருக்கலாம். மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) இருவரும் மீண்டும் சேர்ந்து, அதே சலூனில்

சீச்சீ.

ஆ) சிட்டு வளர்ந்து பெரிய வக்கீலாகி

என் ஆசை. கதைக்கு ஆகாது.

இ) நேற்று அவள் போன் செய்தாள். இதுதான் நடந்தது.

"மேடம், முடி வளந்துருச்சு. அவரு வெட்டி அனுப்பியிருக்காரு. பிடரி அவ்வளவு அழகு! ஆனா நெத்தில கோணல். ஒரே ஒரு வெட்டு. சட்டத்துல இடம் இருக்கா?"

"இல்லம்மா."

"எனக்கே தெரியும். சும்மா கேட்டேன்." போனை வைக்கவில்லை. பின்னால் சிட்டுவின் குரல் கேட்டது.

அதன்பின் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். இவ்வளவு தூரம் என்னோடு வந்தவர் நீங்கள். இனி அவள் இடத்தில் நீங்களே நில்லுங்கள். சிட்டு உயர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கழுத்தில் துணி கட்டவில்லை. கண்ணாடி வழியாக உங்களைத்தான் பார்க்கிறாள். அந்தக் கோணல் உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. படாததுபோல் இருக்க உங்களால் முடியாது. அவள் கேட்கிறாள்:

"அம்மா, அப்பா நல்லா வெட்டியிருக்காங்களா?"