குடி இல்லை

பந்தலின் நாலாவது காலை நல்லரத்தினமே நட்டான். பெண்சாதி செத்த வீட்டில் புருசன் அலவாங்கு பிடிக்கிற வழக்கம் இல்லை. ஆனால் ஆமியின் இரண்டு நாள் சுற்றிவளைப்பில் பழுகாமத்து இளந்தாரிகள் முழுப்பேரும் காட்டோரம் ஒதுங்கிவிட்டார்கள். மிஞ்சியது வயசாளிகளும் பெண்களும்தான். மண் இறுகிக் கிடந்தது. குத்துவதற்கு ஏதாவது இருந்தது அவனுக்கு நல்லதாகப் பட்டது.

"மாப்பிள்ளை ஒரு சொட்டும் அழல்லகா," என்றாள் குசினி வாசலில் ஒருத்தி.

"படிச்ச ஆள்தானே. உள்ளுக்க அழுவார்," என்றாள் மற்றவள்.

அவனுக்குக் கேட்டது. உள்ளுக்குள்ளும் ஒன்றும் நடக்கவில்லை.

அன்னப்பூரணி விடியற்புறம் போனாள். நெருப்புக்காய்ச்சல், பதினோராம் நாள். வாவிக்கு அங்கால் போனால் பெரியாஸ்பத்திரி. ஆமிக்காரன் துறையை மறித்து வைத்த இரண்டு நாளுக்கும் அவள் உடம்பு நிற்கவில்லை. முப்பத்தொரு வயது. வீடு அவள் சீதனம். அவள் போனபின் அது மகளுக்கு. மூன்று வயதுக்காரி, தன் வீட்டின் மண்டபத்தில், தாயின் தலைமாட்டில் இருந்து விளக்குத்திரியை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிபோல கரடியனாற்றிலிருந்து சாமித்தம்பி நடந்து வந்தார். பூரணியின் தாய்மாமன். தோளில் ஒரு சாக்குப்பொதி. பொதியைப் படலைக்குள் வைத்துவிட்டு உள்ளே போய் மருமகளின் முகத்தைப் பார்த்தார். திரும்பி வந்து நல்லரத்தினத்தின் கையைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை.

"குறியிரும்பு கொண்டு வந்திரிக்கன் மனே. போன மாசம் வந்தவள், அம்மன் சடங்கு முடிய கோயில் கூட்டத்தில காட்டப்போறன், கொண்டு வாங்க மாமா எண்டு சொல்லிப்போட்டுப் போனவள்." மாட்டுக்குச் சூடுபோடுகிற நீண்ட இரும்பு. முனையில் நீலாப்போடி குடியின் அடையாளம் வளைந்து நின்றது. "செக்பொயின்ரில மறிச்சிட்டான். துவக்கிட துண்டோ எண்டு கேட்டான். மாட்டுக்குறி எண்டன். அப்ப மாட்டையும் காட்டு எண்டான்."

சாமித்தம்பி சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டார்.

ஒன்பது மணிக்கு வண்ணக்கர் கனகசிங்கம் வந்தார். கண்ணகை அம்மன் கோயில் அவர் பொறுப்பு. வருசத்தில் ஒருமுறை வைகாசியில் திறக்கிற கதவு, நாளைப் பின்னேரம் திறக்கவேண்டும். திறக்கிற கை அவருடையது. பின்னால் இரண்டாம் வண்ணக்கர் அருமைநாயகம், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வந்தார்.

"எத்தனை மணிக்கு எடுக்கிற, தம்பி?" என்றார் கனகசிங்கம்.

"நீங்க குடி கூறினாப் பிறகு எடுக்கலாம்."

"என்ன குடியெண்டு கூற?"

"நீலாப்போடி குடி."

பந்தலுக்குள் இருந்தவர்கள் வண்ணக்கரைத் திரும்பிப் பார்த்தார்கள். அது கனகசிங்கத்தின் குடி.

அந்தப் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது. தகப்பன் எவ்வளவு பெரிய நிலக்காரப் போடியாக இருந்தாலும் பிள்ளைக்குத் தாயின் குடிதான். பிரேதம் எடுக்குமுன் வண்ணக்கர் படலையில் நின்று, இன்னார் இன்ன குடி என்று கூறுவார். அந்தக் குடியில் மூத்தவர் ஒருவர், எங்கட ஆள் என்று ஏற்பார். ஏற்றவருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குள் கால் வைக்க ஏலாது. பூரணியின் தாய்க்கு அப்படி ஒருவரும் கூறவில்லை. தாயைப் பெற்றவளுக்கும் இல்லை. சடங்கில் ஒவ்வொரு குடியாகப் பேர் சொல்லி வெற்றிலை கொடுக்கும்போது இவர்கள் பேரில்லாமல் நின்று, கூட்டம் கலைய வீட்டுக்கு வருவார்கள்.

எல்லாம் ஒரு வரியால் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் வெள்ளைக்காரன் சனத்தொகை எடுத்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளாக்கர் ஒருவர் வீடு வீடாக எழுதிப்போனார். அதன் பிரதி ஊர் விதானையாரின் பெட்டியில் தங்கிற்று. அந்நாளைய ஊரதிகாரியான அந்த விதானையார் கனகசிங்கத்தின் தகப்பனைப் பெற்றவர். பிறகு ஒருநாள் கோயில் கூட்டத்தில் வாய்த்தர்க்கம் முற்ற, கனகசிங்கத்தின் தகப்பன் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஒரு வரியை உரத்து வாசித்தார். 'ஆச்சிப்பிள்ளை வீடு. ஓலைக்கூரை. ஒரு அறை. குடி இல்லை.' ஆச்சிப்பிள்ளை பூரணியின் பூட்டி. அரசாங்கத்துக் கணக்குப் பிழைக்காது என்று ஊர் ஒப்புக்கொண்டது.

"தம்பி, செத்தவீட்டில எனக்கு இதப் பேச விருப்பமில்ல," என்றார் கனகசிங்கம். "புத்தகத்தில என்ன கிடக்கெண்டு உங்களுக்கும் தெரியும்."

"தெரியும். பத்தொன்பது தரம் கிடக்கு."

"என்ன பத்தொன்பது?"

நல்லரத்தினம் உள்ளே போனான். பூரணியின் தலைமாட்டைத் தாண்டி அலுமாரியைத் திறந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தான். பூரணியின் எட்டு வருசத்துக் கொப்பி. கல்குடாப் பெரியம்மாவின் பித்தளை வெற்றிலை வட்டாவில் வெட்டியிருந்த எழுத்து, கரடியனாற்று மாட்டு உரிமைத்துண்டுகளில் இருந்த குறி, எந்தக் கிழவிக்கு எத்தனை பெண்பிள்ளை, எல்லாம் அதில் இருந்தது.

எண்பத்தொன்றாம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களை விட்டார்கள். அவனும் அவளும் ஒரே பள்ளிக்கூடம். அது பங்குனி மாதம், வேளாண்மை வெட்டு. சனமெல்லாம் வயல்வட்டையில் தங்கியிருக்க, வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆளில்லாத வீட்டுக்கு என்ன எழுதுவது என்று அவள் மேலதிகாரியிடம் கேட்டாள். யாழ்ப்பாணத்து மனிதர். 'குடி இல்லையெண்டு எழுதுங்கோ பிள்ளை. குடியிருக்க ஆளில்லை எண்டுதானே அர்த்தம்' என்றார். அவள் எழுதினாள். எழுதிய பென்சிலோடு பள்ளிக்கூட வளவுக்கு ஓடிவந்து, எதிர்ப்பட்ட நல்லரத்தினத்திடம், "மாஸ்டர், எங்கட பூட்டி வட்டைக்குப் போயிருந்திரிக்கா, அவ்வளவுதான்," என்று சொல்லிச் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதுதான் அவள் அவனோடு தனியாகப் பேசிய முதற்பேச்சு.

கொப்பியை விரித்து வாசித்தான்.

"ஏழாம் வீடு, வள்ளியம்மை. ஓலைக்கூரை, ரெண்டு அறை. குடி இல்லை. எட்டாம் வீடு, ஆச்சிப்பிள்ளை. குடி இல்லை. ஒன்பதாம் வீடு, கண்ணம்மை. குடி இல்லை. பதின்மூன்றாம் வீடு, சின்னாத்தை. ஓட்டுக்கூரை, நாலு அறை. குடி இல்லை." தலையை நிமிர்த்தினான். "சின்னாத்தை ஆர், வண்ணக்கர்?"

கனகசிங்கம் சால்வை நுனியை இழுத்துப் பிடித்தார்.

"அந்த நாளையில நாலறை ஓட்டுவீடு ஊருக்குள்ள ஒண்டுதானே," என்றார் அருமைநாயகம், வெற்றிலையை மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டு. "வண்ணக்கரிட அம்மம்மாதான். அம்மாவைப் பெத்த அம்மா. அது என்ன மாசம் தம்பி?"

"பங்குனி."

"வெட்டுக்காலம். ஊரே வட்டையில கிடந்திரிக்கும். யாழ்ப்பாணத்தான் வந்து நாயிட்டயா கேட்டெழுதிற?"

யாரோ சிரித்து, செத்தவீடு என்று நினைத்து இருமினார்கள்.

"அது பூரணியிட கையெழுத்து," என்றார் கனகசிங்கம். "அவ எங்க பாத்தெழுதின?"

"உங்கட வீட்டுக் குசினியில. நீங்க வயலுக்குப் போன நேரம். உங்கட பெண்சாதிதான் புத்தகத்தக் குடுத்து, கோப்பியும் ஊத்திக் குடுத்தவ. நம்பல்லயெண்டா புத்தகத்தக் கொண்டு வாங்க. காத்திருக்கம்."

"நாளைக்குக் கதவு திறக்கணும். ஊருக்குள்ள பிரேதம் கிடந்தாத் திறக்க ஏலா."

"தெரியும்."

"ஆறு மணிக்கு ஊரடங்கு."

"அதுவும் தெரியும்."

"அப்ப பிரேதத்த வச்சுக்கொண்டு பேரம் பேசுறீங்களா?"

"ஓம்."

சாமித்தம்பி எழுந்து வந்து அவன் முழங்கையைத் தொட்டார். "விடு மனே. எங்களுக்குப் பழகிட்டு. தலையில எழுதினது."

"தலையில இல்ல மாமா. புத்தகத்தில எழுதினது."

கனகசிங்கம் சால்வையை உதறித் தோளில் போட்டார். குரல் தணிந்திருந்தது. "உங்களுக்கு இதில என்ன தம்பி? உங்கட குடி நல்ல குடிதானே."

"எனக்கு ஒண்டுமில்ல. என்ட குடிய என்ட பிள்ளைக்குக் குடுக்க ஏலா. அவளிட்ட இரிக்கிறது தாயிட குடிதான். அது இண்டைக்கு மண்ணுக்குள்ள போகுது."

வண்ணக்கர் போனார். வெயில் ஏறிற்று. பெண்கள் மாறி மாறி விசிறினார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒருத்தி வந்து, "இனி வச்சிருக்க ஏலா தம்பி," என்றாள். அவன் தலையை ஆட்டினான். கிணற்றில் தண்ணீர் அள்ளி வந்து பாயைச் சுற்றி நிலத்தை நனைத்தான். மூன்று தரம் அள்ளினான். அவளுடைய இடதுகைச் சுண்டுவிரலில் இன்னும் கொஞ்சம் சிவப்பு மை இருந்தது. தவணைப் பரீட்சைத் தாள் திருத்திய மை. துணியை நனைத்துத் துடைக்கப் போனவன் அப்படியே விட்டான்.

ஊர் இரண்டாகப் பேசியது. பிணத்தை நாறவிடுகிற படிப்பு என்ன படிப்பு என்றார்கள். இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். மதியத்தில் பத்துப்பேர் போனார்கள். சாமித்தம்பி போகவில்லை. குறியிரும்பை மடியில் வைத்துக்கொண்டு பந்தல்காலில் சாய்ந்திருந்தார்.

நாலு மணிக்குக் கனகசிங்கம் வந்தார். கக்கத்தில் சிவப்புத்துணிப் பொதி. வந்து வாங்குப் பலகையில் அமர்ந்து, தானே அவிழ்த்து, கண்ணாடியைப் போட்டு, பக்கங்களைப் பிரித்தார். ஓரமெல்லாம் கறையான். எட்டாம் வீட்டுப் பக்கம் விரல்பட்டுக் கறுத்திருந்தது. பதின்மூன்றாம் வீடு அடுத்த பக்கத்தில், வெள்ளையாக இருந்தது. அதை அவர் வெகுநேரம் பார்த்தார். அவர் திடுக்கிடவில்லை. நல்லரத்தினம் கவனித்தது அதைத்தான்.

"அப்பா எட்டாம் வீட்டுப் பக்கத்த மட்டும்தான் வாசிச்சவர்," என்றார் கனகசிங்கம். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "எடுங்க. நேரமாகுது."

பிரேதத்தைத் தூக்கிப் பாடையில் வைத்தார்கள். நல்லரத்தினம் ஒரு முனை, சாமித்தம்பி ஒரு முனை. படலையில் கனகசிங்கம் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"சீதேவிப்பிள்ளை மகள் அன்னப்பூரணி. நீலாப்போடி குடி."

ஊரில் அந்தக் குடிக்காரர் மூன்று வீடு. மூன்று வீட்டு மூத்த ஆண்களும் அங்கே நின்றார்கள். ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் வானத்தைப் பார்த்தார். மூன்றாமவர் வண்ணக்கர். ஏற்கிறவருக்கு நாளைக்குக் கோயில் இல்லை. மூன்று தரம் கூறவேண்டும். கனகசிங்கம் இரண்டாம் தரமும் கூறினார். மூன்றாம் தரம் கூறும்போது குரல் சற்றுத் தணிந்தது.

"எங்கட ஆள்," என்றார் சாமித்தம்பி.

சத்தமாகத்தான் சொன்னார். அறுபத்திரண்டு வயதுக்கு அவர் ஊருக்குள் அப்படிச் சத்தம் போட்டதில்லை. வேலியோரத்து ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. பேரில்லாதவர் சொன்னது செல்லுமா செல்லாதா என்று வண்ணக்கர்தான் சொல்லவேண்டும். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் படலையை விட்டு விலகி வழிவிட்டார். பாடை போயிற்று. ஐந்தேகாலுக்கு மண் போட்டு முடிந்தது. ஆறு மணிக்குமுன் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள்.

மறுநாள் பின்னேரம் நல்லரத்தினம் மகளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டான்.

"துடக்குக்காரன் எங்க மனே போறாய்?" என்றார் சாமித்தம்பி.

"கோயிலடிக்கு."

"உள்ளுக்க போக ஏலாதே."

"உள்ளுக்க போகல்ல. கதவு திறக்கிற கையப் பாத்திட்டு வாறன்."

கோயில் வீதியில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அங்கால் குளித்து முழுகிய சனம். வேப்பிலையும் சாம்பிராணியும் மணத்தன. கயிற்றுக்கு இங்கால், துடக்குக்காரர் நிற்கிற பக்கம், வெறும் மணல். அவன் கயிற்றுக்குக் கிட்டவே போய் நின்றான். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் அவர்களைப் பார்த்தான். ஒவ்வொருவராகப் பார்வையை எடுத்தார்கள்.

குரவை எழுந்தது. கதவடியில் ஒருவர் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை. தாழ்ப்பாள் வழுகி, மறுபடி பிடித்து, ஒருபடியாகத் திறந்து, திரும்பி நின்று மூச்சு வாங்கினார். அருமைநாயகம்.

நல்லரத்தினம் கூட்டத்துக்குள் தேடினான். முன்வரிசையில் இல்லை. மடைப்பள்ளிப் பக்கமும் இல்லை.

பிறகுதான் கயிற்றுக்கு இங்கால், வீதி முடிகிற இடத்து வேப்பமரத்தடியில் கனகசிங்கம் நிற்பதைக் கண்டான். மேலில் சால்வை இல்லை. தலை ஈரம். கோயிலைப் பார்த்து நின்றாரே தவிர இவர்களைப் பார்க்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் நிழல் அந்த மரத்துக்கு மட்டும்தான் இருந்தது.

அவன் அங்கே போனான். பிள்ளைக்கு வெயிலில் முகம் சிவந்திருந்தது. கனகசிங்கம் திரும்பாமலே ஓரடி விலகினார்.

விட்ட இடத்தில் அவன் பிள்ளையை இறக்கி நிறுத்தினான்.