பஞ்சு எட்டாத இடம்

பழைய வில் வாங்க எங்கள் கிளப்பில் யார் கிளம்பினாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. எலும்பில் மயிரிழை விரிசல் என்றாலும் ஒமைரா கண்ணுக்குத் தப்பாது, வில்லிலும் அப்படித்தான் என்று ஒரு பேச்சு. அந்தப் பேரை வைத்துக்கொண்டு நானும் கொஞ்சம் ஆட்டம் போட்டவள்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அதே பேர்தான் அந்த வியாழக்கிழமை என்னைக் கழுத்தைப் பிடித்து மாட்டிவிட்டது.

பேக்கரியில் வேலை பார்க்கும் லுஸ்தாரி ஃபோன் செய்தபோது மணி மூன்று. செவ்வாய்க்கிழமை பயிற்சியில் அவளுடைய காம்பவுண்ட் வில்லின், அந்தச் சக்கரம் வைத்த வில்லின், வளையும் மேல் பட்டை பிளந்துபோனது கிளப் முழுக்கத் தெரியும். சனிக்கிழமை தேர்வு. எங்கள் மாகாணத்திலிருந்து தேசியப் போட்டிக்கு மூன்று பெண்கள் போகலாம், இரண்டு இடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. மூன்றாவது இடம் அவளுக்கா எனக்கா என்பதைத்தான் சனிக்கிழமை சொல்லவேண்டும். அவளிடம் வில் இல்லையென்றால் போட்டியே இல்லை, இடம் எனக்கு. நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இன்னொரு வாய்ப்பு வராது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அக்கா, கிளப்புக்கு வாங்க. ரெண்டு வில்லு வந்திருக்கு. எது தேறும்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"என்கிட்டயா கேக்குற?"

"வேற யார்கிட்ட கேக்க? உங்களுக்கும் எனக்கும் ஆகுதோ இல்லயோ, இந்த மனிசாலெஸ் ஊர்ல வில்லு பாக்கத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்திதான்."

போனேன். மலையில் மேகம் இறங்கி, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கு வட்டங்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. தகரக் கொட்டகைக்குள் மேசைமேல் இரண்டு வில். ஒன்று சிவப்பு, ஸ்பெயினுக்குக் குடிபோன ஒருவன் விற்கச் சொல்லி விட்டுப்போனது. மற்றது கறுப்பு. அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அது என் வில். பதினாலு மாதம் முன்னால் தோன் எலியேசெரிடம் நான் விற்றது. ஹார்ட்வேர் கடை வைத்திருந்த மனிதர், மகள் மர்யோரிக்காக வாங்கினார். அவள் இப்போது வேலை கிடைத்து பொகொத்தா போய்விட்டாள். சீஸ் போட்ட வெல்லத் தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி சிரித்தபடி பக்கத்தில் நின்றார் தோன் எலியேசெர்.

விற்பதற்கு ஒரு வாரம் முன்னால் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நாணில் குறிபார்க்கும் கண் வளையம் சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க, வீட்டுக் கூடத்தில் அம்பு வைக்காமல் இழுத்தேன். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் பயத்தில் இதைச் செய்யமாட்டார்கள். இருபது வருஷம் வில் பிடித்தவர்கள்தான், ஒரு நொடிதானே என்ற திமிரில் செய்வார்கள். நாணைப் பிடித்திருந்த கைவிசை தட்டி, நாண் விடுபட்டுவிட்டது. அம்பு இருந்தால் அந்த வேகத்தை அது தூக்கிக்கொண்டு போய்விடும். இல்லாவிட்டால் அத்தனையும் வில்லுக்குள்ளேயே திரும்பிப் பாயும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் எதுவும் உடையவில்லை. புது நாண், புது கேபிள் மாட்டி, துடைத்து, வாயைத் திறக்காமல் விற்றேன்.

"பாருங்கக்கா," என்று பஞ்சை நீட்டினாள் லுஸ்தாரி.

சிவப்பை முதலில் எடுத்தேன். பெயிண்ட் உரிந்து கிடந்தாலும் சக்கரங்கள் நேர். விரிசல் இருந்தால் பஞ்சின் நூல் அதில் சிக்கும்; பட்டைகள்மேல் இழுத்தேன், எங்கும் சிக்கவில்லை. குறை ஒன்றுதான், நாணை இழுக்கும் அளவு அவள் கைக்கு அரை அங்குலம் நீளம். சக்கரத்தில் திருகியிருக்கும் சின்னத் தகட்டை மாற்றினால் நீளம் குறையும், ஆனால் கடையில் கேட்டால் தகடு வர பத்து நாள். என் இப்போதைய வில் இந்தச் சிவப்புக்குத் தங்கச்சி, ஒரே கம்பெனி. அவளும் நானும் ஒரே உயரம். அவளுக்கு வேண்டிய தகடு என் வில்லில்தான் இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

பிறகு கறுப்பு. அளவு அவளுக்காகவே செய்தது போல் இருந்தது. சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுழன்றன. பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் பட்டையின் அடி, கைப்பிடியின் உறைக்குள் போய் உட்காரும் அந்த இரண்டு அங்குலத்துக்குப் பஞ்சு எட்டாது.

"இன்னும் என்னம்மா பாக்குற? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் படம் எடுக்கப்போறியா? நீ வெச்சிருந்த வில்லுதான இது," என்றார் தோன் எலியேசெர்.

"சிவப்பை எடுத்துக்க லுஸ்தாரி," என்றேன்.

"அது நீளம்னு நீங்களே அளந்து சொன்னீங்க."

"பழகிக்கலாம்."

"ரெண்டு நாள்லயா? சிவப்பை எடுத்தா நான் தோப்பேன், அது உங்களுக்கு நல்லாவே தெரியும். கறுப்புல என்ன குறை? அதச் சொல்லுங்க."

"மேல் சக்கரம் லேசா சாயுது."

அவள் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். அந்தப் பக்கம் போய் இன்னொரு தடவை பார்த்தாள்.

"சக்கரம் நேராத்தான் இருக்கு. சாயுறது உங்க மனசு. பேக்கரிக்காரிக்கு என்ன தெரியும்னு நெனச்சீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், அவளே கேட்டு வாங்கிக்கொள்கிறாள், நான் என்ன செய்ய என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே மறைக்கவில்லை. ஒருவேளை வில்லுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, மர்யோரி இத்தனை மாசம் எய்தாளே என்றும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் அவள் அம்பை எடுத்துக்கொண்டு எய்யும் கோட்டுக்குப் போய்விட்டாள்.

இழுத்தாள். நாண் அவள் மூக்கைத் தொட்டு நின்றது. ஒருமுறை பெரெய்ரா ஊரிலிருந்து ஒருவனை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், இப்படி இழுத்து நிற்கையில் பட்டை தெறித்தவன். நான்தான் படம் எடுத்தேன். கண்குழி எலும்பு மூன்று துண்டு. லுஸ்தாரி விட்டாள், அம்பு இலக்கின் நடு மஞ்சளில் போய்க் குத்தியது.

"பாத்தீங்களா," என்று திரும்பாமலே சொன்னாள்.

இரண்டாவது அம்பு. இழுத்து நிற்கும்போதே மேகம் வந்து இலக்கை மூடியது. அது விலகட்டும் என்று இழுத்தபடியே நின்றாள். நான் மூன்று அடி தள்ளி நின்றிருந்தேன். டிக் என்று ஒரு சத்தம். நகத்தால் மேசையைத் தட்டினால் வருமே, அவ்வளவுதான். தோன் எலியேசெர் வெல்லத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

"லுஸ்தாரி, இறக்கு."

"பேசாதீங்க."

"மெதுவா இறக்கு. விட்டுடாத. சொல்றதக் கேளு, இறக்கு."

என் குரலில் என்ன இருந்ததோ, பல்லைக் கடித்துக்கொண்டு நாணைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் விட்டாள். முழுக்க இறங்கும்வரை நான் மூச்சு விடவில்லை. இறக்கியதும் முகம் சிவந்து என் பக்கம் திரும்பினாள்.

"இடம் வேணும்னா வேணும்னு கேளுங்க. இப்படிக் கேவலமா நடக்காதீங்க."

"அம்பு இல்லாம விட்டிருக்கேன் அதை," என்றேன். "நான்தான். இவருக்கு விக்கிறதுக்கு ஒரு வாரம் முந்தி. யார்கிட்டயும் சொல்லல."

தோன் எலியேசெர் கோப்பையைக் கீழே வைத்தார். லுஸ்தாரி நம்பவில்லை. அவளைத் தடுக்க நான் எந்தப் பொய்யும் சொல்வேன் என்றுதான் அந்த முகம் சொன்னது. வில்லை அவள் கையிலிருந்து வாங்கி, கொட்டகை மூலையில் இருந்த, வில்லை வளைத்துப் பிடிக்கும் பிரஸ்ஸில் மாட்டி அமுக்கினேன். நாண் தளர்ந்தது. திருகைக் கழற்றி மேல் பட்டையை உறையிலிருந்து உருவி விளக்கடியில் பிடித்தேன். நகத்தின் அகலத்துக்கு ஒரு விரிசல். புது விரிசல் வெள்ளையாக இருக்கும். இதில் அழுக்கு ஏறிக் கறுத்திருந்தது.

"எத்தன நாளா இருக்கும் இது?" என்று கேட்டார் தோன் எலியேசெர்.

"அன்னியிலேர்ந்தே இருக்கும்."

அவர் கிட்டே வந்து விரிசலில் நகத்தை வைத்துப் பார்த்தார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டித் தப்பித்திருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். நான் போய் என் பெட்டியைத் திறந்தேன். என் வில்லின் இரண்டு சக்கரத்திலும் இருந்த தகடுகளைக் கழற்றி லுஸ்தாரி முன்னால் வைத்தேன்.

"சிவப்புக்கு இது சேரும். உன் அளவுதான்."

"மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சனிக்கிழமை நீங்க?"

"பாக்க வரேன்."

அவள் நன்றி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குத்தான் கூசியிருக்கும். தகட்டை எடுத்துச் சிவப்பு வில்லில் வைத்துத் திருக ஆரம்பித்தாள்.

"என் பொண்ணு பதினோரு மாசம் இதை மூஞ்சில வெச்சு இழுத்தா," என்றார் தோன் எலியேசெர். "ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை. நீ பக்கத்துக் கோட்டுல நின்ன."

"நின்னேன்."

மர்யோரி ஒவ்வொரு அம்பாக விடும்போதும் என் தோள் தானாகச் சுருங்கும். ஆறு அம்பு முடிந்ததும் இன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று மூச்சு விடுவேன். அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் போய் நிற்பேன். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் ஃபோனை எடுத்து நம்பரை அழுத்தி, என் கையில் கொடுத்தார்.

"அவகிட்ட நீயே சொல்லு."

இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டாள். பின்னால் பஸ் சத்தம்.

"அப்பா, வில்லு வித்துடுச்சா?"

"நான் ஒமைரா பேசுறேன் மர்யோரி."

"அத்த! நீங்களா? அப்ப நல்ல எடத்துக்குத்தான் போகுது. அப்பாகிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கைப்பிடிக்குக் கீழ ஒரு கீறல் இருக்கும், நான் கதவுல இடிச்சுட்டேன். வாங்குறவங்ககிட்ட அத மறைக்காம சொல்லிடுங்க அத்த. பின்னாடி தெரிஞ்சா அவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்ல."

கறுப்பு வில்லைப் பார்த்தேன். கீறல் இருந்தது, அரிசி நீளம்கூட இல்லை.

"பஸ்ல நிக்கிறியா, உக்காந்திருக்கியா?" என்று கேட்டேன்.

"உக்காந்துதான் இருக்கேன். சொல்லுங்க."

கூடத்தில் அம்பில்லாமல் இழுத்த அந்தச் சாயங்காலத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.