ரத்னபாய் போட்ட ஒரே கையெழுத்து

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. நெய்யாற்று முதலை என் பீடிக்கு நெருப்புக் கொடுத்தது முதலாக நான் சொன்ன பொய்களை எல்லாம் பாறசாலைக்காரர்கள் அன்றன்றே கண்டுபிடித்துவிட்டார்கள். இதை மட்டும் நம்பிவிட்டார்கள். எழுபது வருஷமாகக் காத்திருந்தேன். இனி நானே காட்டிக்கொடுக்க வேண்டியதுதான்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "எல்லைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த காலத்தில், தேவகுமார் என்ற வீர வாலிபன்—"

(அடித்துவிட்டேன். தேவகுமார் நான்தான். வீரம் எவ்வளவு என்பது நான்காம் பகுதியில் தெரியும்.)

2

என் அக்கா கிருபாபாய் செவ்வாய்க்கிழமைகளில் பனச்சமூடு சந்தைக்குப் போவாள். அவள் தலை மறைந்ததும் அவளுடைய நீலச் சேலையை எடுத்து உடுத்துவேன். உடுத்து ஆடவும் மாட்டேன், பாடவும் மாட்டேன். பயறு உரிப்பேன். அந்த நேரத்தில் என் பெயர் ரத்னபாய்.

பெயர் என்று ஒன்று இருந்தால் கையெழுத்து வேண்டாமா? பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பழகினேன். முதலில் போட்டது, தேவகுமாரின் கையெழுத்துக்கே சேலை கட்டிவிட்டது போலிருந்தது. அடுத்தது பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி கோபத்தில் போட்டது போல. எத்தனையோ செவ்வாய் கழிந்து, கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் பெயருக்கு அடியில் ஓட்டி, ஒரு சின்னச் சுழியில் நிறுத்தினேன். கை தானாக நின்றது. அதுதான் அவள்.

(வாசகர் இங்கே சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை.)

3

தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லும் மனுவுக்கு ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார்கள். எங்கள் பக்கத்துப் பொறுப்பு யோசுவா அண்ணனுக்கு.

"எலே, பெண்ணுங்க கையெழுத்து குறவாக்கும். கிருபாட்ட வாங்கிக்கொண்டு வா" என்று தாளைத் தந்தார்.

அக்கா போட்டாள். அவள் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாகக் கிடந்தது.

போட்டுவிட்டேன்.

தாளில் வீட்டுப்பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு. கள்ளக் கையெழுத்துப் போடுகிற எவனும் வேறு வீட்டைத்தான் எழுதுவான். நான் எங்கள் வீட்டையே எழுதினேன்: வடக்கேவிளை. வேறு எந்த வீட்டை எழுத? அவள் இருந்தது அங்கேதான்.

4

ஒரு கள்ளப்பெயர் நுழைந்தாலும் மனுவே கெட்டுப்போகும் என்று வீடு வீடாகச் சரிபார்க்கிறவர் யோசுவா அண்ணன். மூன்றாம் நாள் வந்தார்.

"கிருபா, இஞ்ச ரத்னபாய்னு ஆரு? நான் அறியாத ஒரு பெண்ணு வடக்கேவிளையில உண்டா?"

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சேலையின் மடிப்பு மாறியிருந்ததை எத்தனை செவ்வாயாகக் கண்டிருந்தாளோ.

"உண்டு அண்ணா. எங்க வீட்டு ஆளாக்கும்" என்றாள்.

"அப்பம் விளி, பாக்கட்டு."

அக்கா யாரையும் கூப்பிடவில்லை. காத்திருந்தாள்.

[இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் "நான்தான்" என்கிறேன், யோசுவா அண்ணன் அறைகிறார். இன்னொன்றிலும் "நான்தான்" என்கிறேன், அவர் கட்டஞ்சாயா கேட்கிறார். மூன்றாவதில் நான்—]

நடந்ததைச் சொல்கிறேன்.

"தூரத்து அத்தைக்க மவ, அண்ணா. கோட்டுகாலுக்காரி. இஞ்ச வந்து நின்னா. முந்தாநாள் ஊருக்குப் போனா. போன இடத்தில செத்துப்போச்சு" என்றேன்.

யோசுவா அண்ணன் தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்தார். திட்டவோ சந்தேகப்படவோ இல்லை. அளவுகோலை வைத்து, இறந்தவளுக்குரிய மரியாதையோடு, மெதுவாக அந்தப் பெயரின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். சுழி உள்பட எல்லாம் போயிற்று.

5

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார், துக்கத்தில் இருக்கும் வடக்கேவிளைக் குடும்பத்துக்காக ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. நானும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

(எங்கள் ஊர் கேரளத்தோடு போனது அந்த ஒரு கையெழுத்துக் குறைந்ததால்தான் என்று பிற்பாடு பனச்சமூட்டில் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தனும் நம்பவில்லை.)

ஆராதனை முடிந்து நானும் அக்காவும் நடந்து வந்தோம். வீடு தெரிந்ததும் அக்கா நின்றாள்.

"மக்கா, ஆளுவ கேக்குமில்லியா. அவளுக்கு என்ன தீனம்ணு சொல்லட்டு?"

ஒரு நோயின் பெயரும் எனக்கு வாயில் வரவில்லை. இத்தனை வருஷமாகியும் வரவில்லை. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்.

ரத்னபாய். வயது இருபத்திரண்டு. தீனம்: ........................